அரசாங்கச் சப்பாத்து

தமிழர் வீட்டு வாசலில் சப்பாத்தைக் கழற்றி வைத்தவர், திரும்பும்போது அதே சப்பாத்தோடு போவார் என்று எந்த நாட்டுச் சட்டமும் உத்தரவாதம் தருவதில்லை. அதிலும் கொண்டாட்ட வீடென்றால் கேட்கவே வேண்டாம். இடது கால் மட்டும் மாறி வீடு வந்து சேர்ந்தவர்களையும் எனக்குத் தெரியும். (அவர்களில் ஒருவர் கணக்காளர். வலது காலையும் மாற்றிக்கொள்ள அடுத்த கலியாணம் வரைக்கும் பொறுமையாக இருந்தார்.) ஆனால் அவர்கள் எல்லாரும் தொலைத்தது தங்கள் சொந்தச் சப்பாத்து. இங்கிலாந்து அரசாங்கத்தின் சப்பாத்தைத் தொலைத்தவன், எனக்குத் தெரிந்து, நான் ஒருவன்தான்.

எண்பதுகள் முடிந்து தொண்ணூறுகள் தொடங்கிய காலம். யாழ்ப்பாணத்தில் சட்டப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு லண்டன் வந்து, ரெய்னர்ஸ் லேனில் அக்கா வீட்டு மேல் அறையில் குடியிருந்தேன். நகரத்தின் வடமேற்கு ஓரத்தில், பஸ் ஓடும் தெருக்கள் முடிந்து குதிரைகள் மேயும் வயல்கள் தொடங்குகிற இடத்தில், கம்பளிநூல் விற்கும் கடை ஒன்றின் மேல்மாடியில் எனக்கு வேலை கிடைத்தது. அது அரச வழக்குத் தொடுநரின் கிளை அலுவலகம். பொலிஸ் பிடித்துக் கொடுக்கிறவர்களை நீதிமன்றத்தில் நிறுத்தி வழக்கு நடத்துவது அங்கே வேலை. பெரிய கொலை, கொள்ளை எல்லாம் லண்டனின் நடுப்பகுதிக்குப் போய்விடும். எங்களுக்கு வந்து சேருவது குடித்துவிட்டு ட்ராக்டர் ஓட்டியவன், அயலவனின் வேலியை வெட்டியவன், கடனாகக் கேட்ட குதிரையைத் திருப்பிக் கொடுக்க மனமில்லாதவன்.

வழக்கு நடத்துவது மிஸ் விட்டேக்கர் என்ற சட்டத்தரணி. நான் அவருடைய கோப்புகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் போகிற குமாஸ்தா. ஆனால் அக்கா ஊருக்கு எழுதிய கடிதங்களிலும், லண்டனில் சந்தித்த ஒவ்வொரு தமிழரிடமும், "தம்பி இங்கை அப்புக்காத்து" என்று, நான் ஏதோ பெரிய வழக்கறிஞர் போல, பரப்பியிருந்தாள். நான் மறுக்கவில்லை. மறுக்காதது மட்டுமா? மூன்று துண்டு சூட் ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டு, ரயிலில் சட்டப் புத்தகத்தின் அட்டை மற்றவர்களுக்குத் தெரியும்படி பிடித்துக்கொண்டு திரிந்தேன். அந்தப் புத்தகத்தின் மூன்றாம் பக்கத்தை நான் தாண்டியதில்லை என்பது ரயிலுக்குத் தெரியாது.

எனக்கு ஒரு அவசரம் இருந்தது. வசந்தியை எனக்குப் பேசி நிச்சயம் செய்திருந்தார்கள். அவள் தகப்பனோடு வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜ் அறையில் காத்துக்கொண்டிருந்தாள். வெளியே பொலிஸ் சோதனை, உள்ளே மூட்டைப்பூச்சி என்று எழுதுவாள். எழுதினாலும் சிரித்துக்கொண்டுதான் எழுதுவாள். அவளைக் கூப்பிட வேண்டுமென்றால் எனக்கு நிரந்தர வேலை இருக்கிறது என்று அலுவலகம் எழுதித் தர வேண்டும். எனக்கோ தகுதிகாண் காலம் அந்த மாதத்தோடு முடிகிறது. மிஸ் விட்டேக்கர் நல்லபடி அறிக்கை கொடுத்தால் நிரந்தரம். இல்லாவிட்டால் நான் வீட்டுக்கு, வசந்தி தொடர்ந்து மூட்டைப்பூச்சிக்கு. இதை நினைத்து நினைத்தே அந்த மாதம் முழுக்க நான் நுனிக்காலில் நடந்தேன்.

அப்படி இருக்கும்போதுதான் வாத்து வழக்கு வந்தது.

வயல் பக்கத்தில் ஆல்பர்ட் என்றொரு கிழவர் கிறிஸ்மஸுக்கு விற்கப் பெரிய வெள்ளை வாத்துகள் வளர்த்தார். கிறிஸ்மஸுக்கு முதல் வாரம் யாரோ வந்து பட்டியைத் திறந்து, ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். (தப்பிய வாத்து கடிக்கிற சாதி. அதைப் பொலிஸும் நெருங்கவில்லை.) சேற்றில் பூட்ஸ் தடம் ஒன்று அழகாகப் பதிந்திருந்தது. பொலிஸ் அதில் பிளாஸ்டர் ஊற்றி அச்சு எடுத்தார்கள். இடது பாதத்தில் குறுக்காக ஒரு வெட்டு. கொஞ்ச நாளில் அதே வெட்டோடு ஒரு சோடி பச்சை றப்பர் பூட்ஸ், டெரி என்பவர் வேலை செய்யும், மரம் அரிந்து விற்கும் மரக்காலையின் கொட்டிலில் அகப்பட்டது. டெரியோ, "அது என் பூட்ஸ் இல்லை. அந்தக் கொட்டிலுக்குள் நாலு பேர் வந்து போகிறார்கள்" என்று சத்தியம் செய்தார்.

"பூட்ஸ் பட்டிக்குள் போனது என்று நிரூபித்துவிடலாம், மிஸ்டர் ராஜா," என்று மிஸ் விட்டேக்கர் எனக்கு விளக்கினார். "பூட்ஸுக்குள் யாருடைய கால் இருந்தது என்பதுதான் கேள்வி. ஆகவே அந்த வெட்டை நீதவான்கள் தங்கள் கண்ணால் பார்க்க வேண்டும். நமக்கு இருப்பது அந்த வெட்டு ஒன்றுதான்."

வழக்கு திங்கட்கிழமை காலை. பூட்ஸைக் கொண்டுவர வேண்டிய பொலிஸ்காரர் காய்ச்சலில் படுத்துவிட்டார். வெள்ளிக்கிழமை பிற்பகல் மிஸ் விட்டேக்கர் என்னைக் கூப்பிட்டு, நீயே பொலிஸ் நிலையம் போய் எடுத்து வா என்றார். அவர் சொன்ன வார்த்தைகள் இன்றைக்கும் காதில் இருக்கின்றன: "நேரே அலுவலகம். இரும்பு அலமாரி. பூட்டு. அவ்வளவுதான்."

இதில் விளங்காமல் போக என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. ஆனால் அதே வெள்ளிக்கிழமை அக்காவின் மகளுக்குப் பல்லுக்கொழுக்கட்டை.

குழந்தைக்கு முதல் பல் முளைத்ததும் எங்கள் ஊரில் கொழுக்கட்டை அவித்து அதன் தலையில் கொட்டுவார்கள். முன்னால் ஒரு தட்டில் புத்தகம், பேனா, நகை, கத்தரிக்கோல் என்று பரப்பி வைப்பார்கள். குழந்தை எதைத் தொடுகிறதோ அதுதான் அதன் எதிர்காலம். கோயில் ஐயர் டெலிபோனில் நல்லநேரம் சொல்லியிருந்தார். நான் பொலிஸ் நிலையத்தில் கையெழுத்து வைத்துப் பூட்ஸை வாங்கி வெளியே வந்தபோது மழை. அலுவலகத்துக்குப் பஸ் எதிர்ப்பக்கம். வீட்டுக்கு ரயில் இந்தப் பக்கம். தாய்மாமன் இல்லாமல் கொழுக்கட்டை கொட்டினால் அக்கா என்னை ஆயுளுக்கும் மன்னிக்க மாட்டாள். திங்கள் காலை நேரத்தோடு கொண்டுபோய் வைத்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன். உலகத்தில் நடந்த முக்கால்வாசிக் குற்றங்கள் இந்த வசனத்தில்தான் தொடங்கியிருக்கின்றன. அதை வாசிப்பதுதான் என் தொழிலே. ஆனாலும் ரயிலில் ஏறினேன்.

பூட்ஸ் ஒரு பெரிய பழுப்புக் கடதாசிப் பையில் இருந்தது. வாயை மடித்து, நூல் கட்டி, என் கையெழுத்துப் போட்ட சான்றுப்பொருள் லேபிள் ஒன்று தொங்கியது. வாசலில் அக்கா பட்டுச்சேலையோடு நின்றாள்.

"உதென்ன பையுக்கை?"

"சப்பாத்து."

"சப்பாத்தோ? வெளியில வை."

"அக்கா, இது நான் போடுற சப்பாத்தில்லை. வழக்குச் சாமான்."

"ஆற்றை சப்பாத்து?"

"வாத்துக் கள்ளன்ரை."

"வாத்துக் கள்ளன்ரை சப்பாத்தைச் சாமிப்படம் வைச்ச வீட்டுக்கை கொண்டுவாறியோ? பிள்ளைக்கு நிறைகுடம் வைச்சுக் கிடக்கு."

"இது அரசாங்கச் சப்பாத்து, அக்கா."

"எந்த அரசாங்கமெண்டாலும் சப்பாத்து வெளியில."

இங்கேதான் நான் சட்டத்தை விட்டேன். என் இடத்தில் ஒரு ஆங்கிலேயக் குமாஸ்தா இருந்திருந்தால் பையைக் கொண்டுபோய் உடுப்பு அலமாரிக்குள் வைத்திருப்பான். எனக்கோ, அக்கா சொன்ன அந்த நிமிடமே அவள் சொன்னது நூற்றுக்கு நூறு சரியாகப் பட்டது. கள்ளனின் சேற்றுச் சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நிறைகுடத்தைக் கடந்து போக எனக்கே கால் வரவில்லை. கதவுக்குப் பக்கத்தில், பால் போத்தல்கள் வைக்கிற மூலையில் பையை வைத்தேன். என் சப்பாத்தையும் கழற்றி அதற்கு அருகே மரியாதையாக வைத்துவிட்டு உள்ளே போனேன்.

ஆட்கள் வந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் கழற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் வாசலில் சப்பாத்து மலை. மழை சாய்த்து அடித்தது. உள்ளே நான் மூன்று துண்டு சூட்டோடு நடுக்கூடத்தில் நின்று, லண்டன் நீதிமன்றங்கள் எப்படி இயங்குகின்றன என்று வந்தவர்களுக்கு விரிவுரை செய்துகொண்டிருந்தேன். பெற்றோல் ஸ்டேஷனில் வேலை செய்யும் சிவபாதம் அண்ணை வாய் திறந்து கேட்டுக்கொண்டிருந்தார். நல்ல மனிதர். கை வைத்தால் எந்தப் பழுதும் திருந்தும் என்று பெயர். யார் வீட்டுக்குப் போனாலும் அங்கே ஒழுகும் பைப்பைத் திருத்தாமல் திரும்ப மாட்டார். அவருக்கு அன்று ஷிப்ட் இருந்தது. இரண்டு கொழுக்கட்டையை அவசரமாக வாயில் போட்டுக்கொண்டு, "தம்பி, உன்ரை கதையைப் பேந்து வந்து கேக்கிறன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நல்லநேரம் வந்தது. பிள்ளையை வெள்ளை விரிப்பில் இருத்தினார்கள். அத்தான் தட்டைக் கொண்டுவந்து வைத்தார். கொழுக்கட்டை தலையில் விழுந்ததும் பிள்ளை வீரிட்டு அழுதது. பிறகு அழுகையை நிறுத்தித் தட்டைப் பார்த்தது. புத்தகத்தைத் தள்ளியது. தங்கச் சங்கிலியைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஏதோ ஒரு அட்டைத் துண்டை எடுத்து, நேரே வாயில் வைத்து, புதுப்பல்லால் கடித்தது.

"எழுத்தை எடுத்திட்டாள்," என்று அத்தான் கை தட்டினார். "மாமனைப் போல அப்புக்காத்துத்தான்."

எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டிக்கொண்டே குனிந்து பார்த்தேன். பிள்ளையின் வாயிலிருந்து நூல் ஒன்று தொங்கியது. அட்டையில் என் கையெழுத்து இருந்தது.

"அத்தான், இது எங்காலை?"

"வாசல்ல நனைஞ்சு கிடந்துது. உன்ரை ஒபிஸ் கடதாசி எண்டு தெரிஞ்சுது. அக்காவுக்குச் சட்டமும் தட்டில இருக்கோணும் எண்டு ஆசை. அதுதான் துடைச்சு வைச்சனான்."

நான் வாசலுக்கு ஓடினேன். கடதாசிப் பை மழையில் கரைந்து கூழாகக் கிடந்தது. பூட்ஸ் இல்லை.

அதன் பிறகு நடந்ததை அக்கா இன்றைக்கும் நடித்துக் காட்டுவாள். நான் வாசற்படியில் ஏறி நின்று, "ஒருத்தரும் வெளிக்கிடக் கூடாது. ஒவ்வொரு ஆளா வந்து அவரவர் சப்பாத்தை அடையாளம் காட்டோணும்" என்று அறிவித்தேனாம். குரல் நடுங்கியதாம். பொலிஸ் அடையாள அணிவகுப்பு மாதிரிச் சப்பாத்துகளை வரிசையாக நிறுத்தினோம். வந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து கை காட்டினார்கள். இதில் ஒரு மாமிக்கும் இன்னொரு மாமிக்கும் ஒரே சோடிக்குச் சண்டை வந்து, அது தனி வழக்காகப் போயிற்று. கடைசியில் வாசலில் ஒரு சோடிகூட மிஞ்சவில்லை. எடுத்தவர் தன்னுடையதையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். முன்னாலேயே போனவர் ஒருவர்தான்.

பெற்றோல் ஸ்டேஷனுக்கு டெலிபோன் எடுத்தேன்.

"ஓம் தம்பி, நான்தான் போட்டுக்கொண்டு வந்தனான்," என்றார் சிவபாதம் அண்ணை, கொஞ்சமும் பதறாமல். "சரியான மழை. என்ரை சப்பாத்துப் புதுசு, அதைக் கையில எடுத்துக்கொண்டு அத்தான்ரை கம்பூட்ஸைக் கொழுவிக்கொண்டு காருக்கு ஓடினனான். விடியத் தாறன்."

எனக்கு உயிர் திரும்பி வந்தது. அப்போது நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். இது திருட்டு வழக்கின் சான்றுப்பொருள், தொடாமல் ஒரு பக்கத்தில் வையுங்கள் என்று ஒரு வசனம். ஆனால் சற்றுமுன்தான் அவருக்கு நீதிமன்ற விரிவுரை செய்தவன் நான். அந்த வாயால் எப்படிச் சொல்வது? குரலைத் தாழ்த்தி, "அண்ணை, அது முக்கியமான பூட்ஸ். நல்லாக் கவனமாப் பாருங்கோ" என்று மட்டும் சொன்னேன்.

"நீ பயப்பிடாதை. அதை நான் பாக்கிறன்," என்றார்.

பார்த்தார். சனிக்கிழமை காலை நான் அவர் வீட்டுக்குப் போனபோது பூட்ஸ் மேசையில் பத்திரிகை விரித்து அதன்மேல் இருந்தது. ஒரு பொட்டுச் சேறில்லை. தேங்காயெண்ணெய் பூசித் துடைத்து, கண்ணாடி மாதிரிப் பளபளவென்று இருந்தது. நான் இடது பூட்ஸைத் தூக்கித் திருப்பினேன். வெட்டு இல்லை. வெட்டு இருந்த இடத்தில் சைக்கிள் டியூபுக்கு ஒட்டுகிற றப்பர் ஒட்டு ஒன்று, ஓரமெல்லாம் அரத்தால் தேய்த்து மட்டமாக்கப்பட்டு, பிறந்ததிலிருந்தே அங்கே இருந்தது போல இருந்தது.

"அடியில வெட்டொண்டு இருந்துது, தம்பி. நீ கவனமாப் பாக்கச் சொன்னாய். கடையில பஞ்சர் ஒட்டுற சாமான் விக்கிறம்தானே. ஆக்களும் வரேல்லை, சும்மாதானே இருந்தனான். இரவல் வாங்கினதை வாங்கின மாதிரியே குடுக்கிறது எனக்குப் பழக்கமில்லை. இனி ஒரு சொட்டுத் தண்ணி பூராது."

நான் அங்கேயே கதிரையில் இருந்துவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்ததும் அண்ணையின் முகம் செத்துப்போய்விட்டது. வசந்தியின் கதையும் அவருக்குத் தெரியும். அவருடைய மனைவி மூன்று வருடம் அதே மாதிரி ஒரு லொட்ஜில் இருந்து வந்தவர்.

வீட்டில் அத்தான் ஒரு யோசனை சொன்னார். "ஒட்டினதைப் பிடுங்கிப்போட்டுக் கொஞ்சச் சேறு பூசி வை. ஆர் காணப்போயினம்?"

நான் யோசித்தேன். உண்மையாகவே யோசித்தேன். பின்வளவுக்குப் போய்ச் சேறு எந்த நிறம் என்றும் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை வந்த சிவபாதம் அண்ணைதான் அதைக் கெடுத்தார்.

"பொய் சொல்லுறதெண்டால் சொல்லுவம், தம்பி. ஆனால் என்ன சொல்லுறதெண்டு எனக்கும் எழுதித் தா. எனக்கு ஞாபகம் நிக்காது. அக்காவுக்கும் சொல்லிவிடு. அண்டைக்கு வாசல்ல நிண்டு சப்பாத்துக் காட்டின அவ்வளவு பேருக்கும் சொல்லிவிடு."

அவ்வளவு பேரின் ஞாபகசக்தியை நம்பிப் பொய் சொல்ல எனக்குத் துணிவில்லை. அன்று வசந்திக்கு ஒரு கடிதம் எழுதத் தொடங்கினேன். 'வேலை போய்விடும் போல இருக்கிறது' என்ற வரிக்கு மேல் பேனா போகவில்லை. அழுதேன். மேல் அறையில், மூன்று துண்டு சூட்டைக் கதிரையில் தொங்கவிட்டு, பெனியனோடு இருந்து அழுதேன்.

திங்கள் காலை மிஸ் விட்டேக்கர் வருமுன்னே நான் அலுவலக வாசலில் நின்றேன். பக்கத்தில் சிவபாதம் அண்ணை, நெற்றி நிறையத் திருநீறு, கழுத்தில் டை. வரவேண்டாம் என்று எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. "ஒட்டினது நான். நான் வந்து சொல்லுறன்" என்று லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். அவர் கையில் லேபிளைத் திரும்பக் கட்டிய பூட்ஸ். என் கையில் அக்கா கொடுத்துவிட்ட கொழுக்கட்டைப் பெட்டி. (எந்தக் குற்றத்துக்கும் ஒரு பெட்டி பலகாரம் கொண்டுபோனால் பாதித் தண்டனை குறையும் என்பது அக்காவின் சட்டம்.)

மிஸ் விட்டேக்கர் கோட்டைக் கழற்றாமலே கேட்டார். நான் முடித்ததும் லேபிளைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது என்ன அடையாளம்?"

"பல், மிஸ் விட்டேக்கர்."

"யாருடைய பல்?"

"என் மருமகளுடையது. முதல் பல்."

அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் இலேசாகக் குலுங்கியது. கோபத்தில் என்றுதான் அப்போது நினைத்தேன்.

"நான் உனக்கு என்ன சொன்னேன்?"

"நேரே அலுவலகம். இரும்பு அலமாரி. பூட்டு."

"இருந்து எல்லாவற்றையும் எழுது. கொழுக்கட்டை உட்பட. இதை எதிர்த்தரப்புக்குக் கொடுத்தாக வேண்டும். உன் விஷயம் வழக்குக்குப் பிறகு."

எதிர்த்தரப்புச் சட்டத்தரணி மிஸ்டர் பெல் அதை வாசித்தபோது அவருடைய முகத்தில் வந்த சந்தோஷத்தை, அதற்குப் பிறகு நான் கலியாண வீடுகளில்தான் கண்டிருக்கிறேன். பூட்ஸைத் திருத்திய கனவானைச் சாட்சிக் கூண்டில் காண எனக்கு ஆசை என்றார். நீதிமன்றத்தில் மூன்று நீதவான்கள். நடுவில் முத்துமாலை போட்ட ஒரு அம்மையார். எதிரிக் கூண்டில் டெரி, சலிப்போடு கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பின்வரிசையில் வாத்து இழந்த ஆல்பர்ட் கிழவர்.

அண்ணை ஆங்கிலத்தில்தான் பேசினார். அதை என்னால் முடிந்தவரை தமிழில் தருகிறேன்.

"ஆக, நீங்கள் ஒரு முக்கியமான சான்றை அழித்துவிட்டீர்கள்," என்று மிஸ்டர் பெல் தொடங்கினார்.

"இல்லை சேர். திருத்தினேன்."

முத்துமாலை அம்மையார் இருமினார்.

"யாருடைய பூட்ஸைத் திருத்துவதாக நினைத்தீர்கள்?"

"முதலில் இவருடைய அத்தானின் பூட்ஸ் என்று நினைத்தேன். இந்த ஐயாவுடையது என்று பிறகுதான் சொன்னார்கள்."

"என் கட்சிக்காரர் அதைத் திட்டவட்டமாக மறுக்கிறார்."

மறுப்பு அண்ணையின் காதில் விழவில்லை. 'இந்த ஐயா' என்றதோடு அவர் டெரியின் பக்கம் திரும்பிவிட்டார். வந்த காரியமே அதுதான் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஒருவருடைய சாமானைக் கேட்காமல் எடுத்துப் போட்டுவிட்டார். அவருக்கு முன்னால் நின்று அதைச் சொல்லாமல் வீட்டுக்குப் போக அண்ணையால் ஏலாது.

"சேர், மன்னிக்க வேண்டும்," என்றார், கையைக் கூப்பிக்கொண்டு. "உங்களைக் கேட்காமல் உங்கள் பூட்ஸைப் போட்டுவிட்டேன். பிழைதான். ஆனால் சும்மா திருப்பித் தரவில்லை. இடது கால் அடியில் தண்ணீர் போகிற வெட்டு ஒன்று இருந்தது. நல்ல றப்பர் வைத்து ஒட்டியிருக்கிறேன். இனி உங்கள் கால் நனையாது."

டெரி கட்டியிருந்த கையை அவிழ்த்தார். பாவம், அவரிடம் அதற்கு முன் யாரும் கை கூப்பியிருக்க மாட்டார்கள்.

"பரவாயில்லை," என்றார். "ரொம்ப நன்றி. இரண்டு குளிர்காலமாக அந்தக் கால் நனைந்துகொண்டுதான் இருந்தது. நானே ஒட்ட வேண்டும் என்று..."

அதற்குமேல் அவர் போகவில்லை. போக வேண்டியதும் இல்லை. மிஸ்டர் பெல் கண்ணை மூடிக்கொண்டார். முத்துமாலை அம்மையார் பேனாவை எடுத்து எழுதத் தொடங்கினார். பின்வரிசையிலிருந்து ஆல்பர்ட் கிழவர், "என் வாத்து," என்று சாதாரணக் குரலில் சொன்னார். அவ்வளவுதான். பத்து நிமிட இடைவேளைக்குப் பிறகு டெரி குற்றத்தை ஒப்புக்கொண்டார். வெளியே வந்த அண்ணைக்கு என்ன நடந்தது என்றே விளங்கவில்லை. "அந்தாள் நல்ல மனுசன், தம்பி. ஒரு சொல்லுக் கோவிக்கேல்லை," என்றார்.

பின்னேரம் மிஸ் விட்டேக்கர் என்னைக் கூப்பிட்டார். மேசையில் கொழுக்கட்டைப் பெட்டி திறந்திருந்தது. பாதிக்குமேல் காலி.

"வழக்கு வென்றது உன்னால் அல்ல," என்றார்.

"தெரியும், மிஸ் விட்டேக்கர்."

"உன் தகுதிகாண் காலத்தை மூன்று மாதம் நீட்டுகிறேன். எச்சரிக்கைக் கடிதமும் வரும். உன்னை வீட்டுக்கு அனுப்பச் சொல்லித்தான் மேலிடம் கேட்டது." பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "இந்த அலுவலகத்தில் கோப்புத் தொலைத்தவர்கள் பலர். நான் கண்டுபிடிக்கும் முன்னே வந்து சொன்ன ஆள் நீ ஒருவன்தான் என்று எழுதியிருக்கிறேன். மூன்று மாதம் எதையும் தொலைக்காதே."

நான் எதையும் தொலைக்கவில்லை. அந்த மூன்று மாதமும் பென்சில் எடுத்தாலும் யாரிடமாவது கையெழுத்து வைத்துத்தான் எடுத்தேன். சூட்டின் நடுத்துண்டைக் கழற்றி விட்டேன். சட்டப் புத்தகத்தில் மூன்றாம் பக்கத்தைத் தாண்டினேன். பிறகு பல வருடம் கழித்து முழுவதும் தாண்டி, மிஸ் விட்டேக்கர் இருந்த அதே மேசையில் நானும் இருந்தேன். ஆனால் அது இந்தக் கதை இல்லை. வசந்திக்கு நடந்ததை ஒன்றும் விடாமல் எழுதினேன். அவள் கோபிப்பாள் என்று பயந்தேன். பதில் ஒரு வரிதான் வந்தது: 'மூன்று மாதம் பொறுப்பன். அந்த அண்ணையைப் பார்க்கவேணும்.'

நிரந்தரக் கடிதம் வந்தது. விசா வந்தது. வசந்தியும் வந்தாள். விமான நிலையத்திலிருந்து அவளைக் கூட்டிவந்தது சிவபாதம் அண்ணையின் கார். அக்கா வீட்டு வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்றாள். அவளுக்குப் பக்கத்தில் ஆட்கள் கழற்றி விட்ட சப்பாத்துகள் குவிந்து கிடந்தன. வசந்தி அந்தக் குவியலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். குனிந்து தன் செருப்பைக் கழற்றினாள். கைப்பைக்குள் இருந்து ஒரு பிளாஸ்டிக் பையும், நூல் கட்டிய அட்டைத் துண்டு ஒன்றும், ஒரு பேனாவும் எடுத்தாள். வெள்ளவத்தையிலிருந்தே ஆயத்தமாகக் கொண்டு வந்திருக்கிறாள். செருப்பைப் பைக்குள் போட்டு, வாயைக் கட்டி, பேனாவோடு என்னிடம் நீட்டினாள். காரில் வழி முழுக்க அண்ணையோடு மட்டுமே கதைத்து வந்தவள், கலியாணம் பேசிய பிறகு என்னோடு நேரில் பேசிய முதல் வார்த்தைகள் இவை.

"பொறுப்பெடுத்துக் கையெழுத்து வைச்சுத் தாங்கோ. அப்பதான் உள்ளுக்கு வருவன்."

அக்கா ஆரத்தித் தட்டோடு சிரித்துக் கொண்டே நின்றாள். அண்ணை வாய்விட்டுச் சிரித்தார். நான் கையெழுத்து வைத்தேன். முப்பது வருடம் தாண்டிவிட்டது. இன்றைக்கும் எந்தக் கொண்டாட்ட வீட்டுக்குப் போனாலும் யாராவது ஒருவர் என் சப்பாத்தில் லேபிள் கட்டி வைத்திருப்பார்கள். அன்று லேபிளைக் கடித்த பிள்ளை அப்புக்காத்தாக வரவில்லை. பல் வைத்தியராக இருக்கிறாள். தட்டில் அதற்கு ஒரு சாமானும் இருக்கவில்லையே என்று அத்தானுக்கு இன்னும் ஆச்சரியம். வாசலில் என்னிடம் கையெழுத்து வாங்கிய அட்டைத் துண்டை வசந்தி எங்கள் கலியாணப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறாள். எனக்கும் அவளுக்கும் சண்டை வருகிற நாட்களில் அதை எடுத்து வந்து என் முன்னால் வைப்பாள். கையெழுத்து என்னுடையதுதான். மறுக்க முடியாது.